திறக்காத மூன்று டிஸ்க் இமேஜ்கள்: கொடைக்கானலில் ஒரு வாரம்

திங்கட்கிழமை காலை மூஞ்சிக்கல்லில் என் கணினிக் கடை ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் வாசலில் ஒருவர் நின்றிருந்தார். பூம்பாறைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் இருந்த மஞ்சள் பைக்குள் துண்டில் சுற்றிய பழைய எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்.

"தம்பி, கீழ ரெண்டு கடையில காட்டிட்டேன். ஃபைல் கரப்ட் ஆயிருச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

டிஸ்கில் குறிஞ்சி1, குறிஞ்சி2, குறிஞ்சி3 என்று மூன்றே ஃபைல்கள். 2006-இல் மலையெங்கும் குறிஞ்சி பூத்தபோது வாத்தியார் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள். கூடவே அவருடைய அம்மா பேசிய ஒலிப்பதிவும் இருக்கிறதாம். குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். 2018-இலும்தான் பூத்தது, அதற்கும் படம் எடுத்திருக்கிறார். ஆனால் 2018-இல் அம்மா இல்லை. அதனால் இந்த மூன்று ஃபைல்தான் அவருக்கு எல்லாமே.

அந்தப் படங்களை அப்போதே இரண்டு சிடியிலும் ஒரு டிவிடியிலும் எழுதி வைத்திருந்தார். 2009 வாக்கில் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், "மலைக் குளிருக்கு டிஸ்க் பூஞ்சை பிடிக்கும் சித்தப்பா" என்று சொல்லி மூன்றையும் வாங்கிப் போய் இமேஜாக, அதாவது முழு டிஸ்கையும் அப்படியே ஒரே ஃபைலாக, மாற்றித் தந்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொன்றையும் வேறு வேறு கணினியில், வேறு வேறு மென்பொருளில் எடுத்திருக்கிறார். எடுத்தபின் ஒருமுறை திறந்து பார்க்கவில்லை. சிடி இரண்டும் அப்போதே குப்பைக்குப் போய்விட்டன. டிவிடி இருக்கிறதா என்று கேட்டேன். "பரண்ல தேடணும் தம்பி" என்றார்.

எந்த வேலைக்கும் முன்னால் மூன்றையும் என் டிஸ்குக்குக் காப்பி எடுத்துக்கொண்டு, அவருடையதைத் துண்டில் சுற்றியே திருப்பிக் கொடுத்தேன். இதில் நான் கண்டிப்பானவன். மூலத்தின்மேல் எதையும் எழுதக் கூடாது. "ரிப்பேர் செய்கிறோம்" என்று காசு கேட்கும் மென்பொருள்கள் சில நேரடியாக அந்த ஃபைலிலேயே கை வைத்துவிடும், அப்புறம் திரும்பிப் போக வழி இருக்காது.

விண்டோஸ் 10-இல் டபுள் கிளிக் செய்தால் மூன்றுக்கும் ஒரே செய்தி: டிஸ்க் இமேஜ் சிதைந்துவிட்டது. கீழே இருந்த கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கையை விரித்திருக்க வேண்டும். அந்தச் செய்தியை நான் அப்படியே நம்புவதில்லை. தனக்குத் தெரிந்த அமைப்பில் ஃபைல் இல்லையென்றாலும் விண்டோஸ் சிதைந்துவிட்டது என்றுதான் சொல்லும். கடைக்கு வருபவற்றில் நிறைய ஃபைல்களுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. டவுன்லோட் பாதியில் நின்றிருக்கும். கம்ப்ரஸ் செய்த ஃபோல்டரிலேயே கிடக்கும். டிஸ்க் இமேஜின் வழக்கமான வகையான ஐஎஸ்ஓ ஃபைலைத் திறக்கும் பொறுப்பை வேறொரு மென்பொருள் பிடுங்கி வைத்திருக்கும். இவையெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆப்பிள் கணினியில் எடுத்த டிஎம்ஜி ஃபைலை விண்டோஸில் போட்டுப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. கம்ப்ரஸ் செய்த ஃபைலைப் பிரிக்கும் செவன்-ஜிப் மென்பொருள் அதைப் பெரும்பாலும் திறந்துவிடும்.

இங்கே அந்த எளிய காரணம் எதுவும் பொருந்தவில்லை. ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரை எடுத்தேன்.

முறையான ஐஎஸ்ஓ ஃபைலைக் கண்டுபிடிக்க ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அதில் ஒரு செக்டார், அதாவது தகவலைப் பிரித்து எழுதும் ஒரு துண்டு, 2,048 பைட். முதல் பதினாறு செக்டாரை விட்டுவிட்டுத்தான் டிஸ்கின் விவரம் தொடங்கும். பதினாறை 2,048-ஆல் பெருக்கினால் 32,768. அந்த இடத்தில் ஒரு பைட் எண், அதை அடுத்து 32,769-இல் 'சிடி001' (CD001) என்ற ஐந்து எழுத்து. ரேஷன் கார்டில் முத்திரை மாதிரி. அது இருந்தால் ஃபைல் நல்ல வழியில் இருக்கிறது. இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்ற கணக்கே ஃபைல் எந்த வகை என்பதைச் சொல்லிவிடும்.

குறிஞ்சி1-இல் 32,769-ஆம் இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள். முழு ஃபைலிலும் 'சிடி001' என்று தேடினேன். 3,39,969-இல் கிடைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 3,07,200 பைட், அதாவது 150 செக்டார். சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டார். ஆக 150 என்றால் இரண்டு நொடி. எந்த சிடியிலும் முதல் டிராக்குக்கு முன்னால் இரண்டு நொடி இடைவெளி உண்டு. சிடி எழுதும் நீரோ மென்பொருள் சில வகைப் பதிவுகளில் அந்த இடைவெளியையும் சேர்த்தே இமேஜுக்குள் வைக்கும். ஃபைலின் கடைசிப் பைட்டுகளுக்குப் போய்ப் பார்த்தேன். 'என்இஆர்5' என்ற நீரோவின் கையெழுத்து இருந்தது. அண்ணன் மகன் நீரோவில் எடுத்துவிட்டு, பெயரின் வாலை மட்டும் ஐஎஸ்ஓ என்று மாற்றியிருக்கிறார். சட்டை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா?

லினக்ஸில் ஃபைலைத் துண்டு துண்டாகக் காப்பி எடுக்கும் டிடி கட்டளைக்கு, செக்டார் அளவு 2,048, முதல் 150-ஐ விட்டுவிட்டு மீதியைப் புது ஃபைலாக எழுது என்று சொன்னேன். வாலில் ஒட்டியிருக்கும் நீரோ குறிப்பு தொந்தரவு செய்யாது. புது ஃபைல் முதல் கிளிக்கிலேயே திறந்தது. கோக்கர்ஸ் வாக் ஓரமாகவும் மன்னவனூர்ப் பாதையிலும் எடுத்த படங்கள், சரிவு முழுக்க நீலம். கூடவே வாத்தியார் எழுதிய ஒரு குறிப்பு ஃபைலும் இருந்தது. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. அதையும் யூனிகோடுக்கு மாற்றி வைத்தேன். எந்தச் சரிவில் எந்தத் தேதியில் மொட்டு விட்டது, எப்போது முழுதாகப் பூத்தது என்று அவ்வளவு விவரம் அதில் இருக்கிறது. படங்களைவிட அந்தக் குறிப்பு பெரிய சொத்து என்பது என் எண்ணம்.

குறிஞ்சி2-க்கும் பெயரின் வால் ஐஎஸ்ஓதான், ஆனால் உள்ளே அது பின் ஃபைல். இந்த வகை எப்போதும் ஜோடியாக வரும். பின் ஃபைலில் டிஸ்கின் உள்ளடக்கம், கியூ என்ற சின்ன எழுத்து ஃபைலில் அதை எப்படிப் படிப்பது என்ற விவரம். கியூ ஃபைல் ஒரு கிலோபைட்கூட இருக்காது. அதனாலேயே "இது என்ன குப்பை" என்று அழித்துவிடுகிறார்கள். இங்கேயும் அதைக் காணோம்.

கியூ இல்லாவிட்டாலும் பின் ஃபைல் தன்னைப் பற்றித் தானே சொல்லும். முதல் பன்னிரண்டு பைட்டைப் பாருங்கள்: ஒரு 00, பத்து எஃப்எஃப், மறுபடி ஒரு 00. இது சிடியின் மூல செக்டார் தொடங்கும் அடையாளம். மூல செக்டார் 2,352 பைட். அதில் அடையாளம் 12, முகவரி 4, நம்முடைய தகவல் 2,048, மீதி 288 பிழை திருத்தத்துக்கு. ஃபைலின் அளவு 67,59,93,024 பைட். 2,352-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 2,87,412. 2,048-ஆல் வகுத்தால் மிச்சம் வருகிறது. இதற்குமேல் சாட்சி வேண்டாம். பதினாறாவது பைட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே 01 இருந்தால் முதல் வகை, 02 இருந்தால் இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் தகவல் இன்னும் எட்டு பைட் தள்ளித் தொடங்கும். இங்கே 01. கணக்குப்படி 'சிடி001' 37,649-இல் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன், இருந்தது. இந்த மாதிரிக் கணக்குப் போட்ட இடத்தில் அந்த ஐந்து எழுத்தும் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு இத்தனை வருடத்தில் குறையவே இல்லை.

பிறகு கியூ ஃபைலை நானே எழுதினேன். மூன்று வரிதான். முதல் வரியில் பின் ஃபைலின் பெயர், இரண்டாவதில் டிராக் 01, முதல் வகை, 2,352 பைட் என்ற விவரம், மூன்றாவதில் தொடங்கும் நேரம் பூஜ்ஜியம். பிசங்க் என்ற சின்ன மென்பொருளுக்கு இரண்டையும் கொடுத்தால் ஒவ்வொரு செக்டாரிலும் ஓரத்தைச் சீவிவிட்டு 58,86,19,776 பைட்டில் ஐஎஸ்ஓ தந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டாவதும் திறந்துவிட்டது. வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மா பேசுனது எதுலயாவது இருக்கா தம்பி?" என்றார்.

இல்லை. அது மூன்றாவதில்தான் இருந்தது. உண்மையாகவே கெட்டிருந்த ஃபைலும் அது ஒன்றுதான்.

குறிஞ்சி3-ஐச் செவன்-ஜிப்பில் போட்டால் ஃபோல்டர் பட்டியல் வந்தது. கூடவே, எதிர்பாராமல் ஃபைல் முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கை. படங்கள் பெரும்பாலும் திறந்தன. கடைசி இரண்டு ஃபோல்டர்கள் திறக்கவில்லை. அதில் ஒன்றின் பெயர் 'அம்மா'. ஃபைல் அளவைப் பார்த்ததும் புரிந்தது: 4,29,49,67,295 பைட். இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில் ஒரு ஃபைல் அதிகபட்சமாக இருக்கக்கூடிய அளவு அது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிவிடி இமேஜை ஃபேட்32 டிஸ்கிலேயே நேராக எழுதியிருக்கிறார்கள். எல்லை வந்ததும் அறுந்துவிட்டது.

எவ்வளவு அறுந்தது? அதையும் ஃபைலே சொல்லும். விவரம் தொடங்கும் 32,768-இலிருந்து 80 பைட் தள்ளி, இந்த டிஸ்க் மொத்தம் எத்தனை செக்டார் என்ற எண் இருக்கும். இங்கே 22,64,300. அதன்படி ஃபைல் 4,63,72,86,400 பைட் இருந்திருக்க வேண்டும். ஆக 34 கோடிப் பைட்டுக்கு மேல் இந்த ஃபைலில் இல்லை. இல்லாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, "பரண்ல அந்த டிவிடி இருந்தா மட்டும்தான் சார்" என்றேன்.

புதன்கிழமை டிவிடி வந்தது. பரண் என்று அவர் சொன்னது அடுப்படிக்கு மேலே மலைப்பூண்டைக் கட்டித் தொங்கவிடும் இடம். புகை பட்டால் பூண்டு கெடாமல் இருக்கும். டிவிடியின்மேல் மஞ்சளாகப் புகைப் படலம். வெளி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாக, நூலாம்படை மாதிரிப் பூஞ்சை. டிவிடியில் எழுதுவது நடுவிலிருந்து வெளியே போகும். நமக்கு வேண்டிய கடைசிப் பகுதி சரியாக அந்த வெளி ஓரத்தில்தான்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத்தான் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் தகவல் ஓடும் பாதையோடு சேர்ந்தே போகும், பிழை திருத்தத்தால் தாண்ட முடியாது. குறுக்கே விழுந்த கீறலைத் தாண்டிவிடும். கழுவியதும் ட்ரைவில் போட்டுவிடவும் கூடாது. இந்தக் குளிரில் டிஸ்கிலும் லென்ஸிலும் ஈரம் படியும். அரை நாள் கடைக்குள்ளேயே காய விட்டேன்.

படிக்க எடுத்துக்கொண்டது டிடிரெஸ்க்யூ. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குப் பிறகு திரும்பி வரும் கருவி இது. எங்கெங்கே படித்தாயிற்று, எங்கே பாக்கி என்பதை மேப் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். எங்கள் ஊருக்கு இது பெரிய வரம். வியாழன் மதியம் காற்றும் மழையுமாக அடித்து எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் இருபது நிமிடத்தில் கை விட்டது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

முழு டிவிடியையும் நான் படிக்கவில்லை. நோயாளி டிஸ்கை எவ்வளவு குறைவாகச் சுழற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. அறுந்த ஃபைலின் காப்பியில் முழுசாக இருந்த கடைசி செக்டார் 4,29,49,65,248-ஆம் பைட்டில் முடிகிறது. அங்கிருந்து மட்டும் டிவிடியைப் படித்து, அதே காப்பியில் அதே இடத்தில் எழுதச் சொன்னேன். ஒட்டுப்போடுகிற மாதிரி. மொத்தம் 1,67,149 செக்டார்தான் படிக்க வேண்டியிருந்தது.

முதல் சுற்று, புதிதாக வாங்கிய மெல்லிய யூஎஸ்பி ட்ரைவில். படிக்க முடியாமல் 19,00,544 பைட் நின்றது. டிவிடியில் பிழை திருத்தம் பதினாறு செக்டாரை ஒரு தொகுதியாக வைத்து நடக்கும், போனால் மொத்தத் தொகுதியும் போகும். ஒரு தொகுதி 32,768 பைட். ஆக 58 தொகுதி. டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு இன்னும் இருந்தது. முதல் தடவையே நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். மறுபடி கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இந்த முறை மேஜைக் கணினியில் இருந்த பழைய கனமான ட்ரைவில் போட்டு வேகத்தைக் குறைத்தேன். ஒரே டிஸ்கை ஒவ்வொரு ட்ரைவும் ஒவ்வொரு மாதிரிப் படிக்கும். பழைய ட்ரைவைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். 58 தொகுதி 11 ஆனது. இரவு முழுக்க மறுபடி மறுபடி முயலவிட்டேன். வெள்ளி காலையில் மூன்று தொகுதி, 98,304 பைட். அதற்குமேல் இறங்கவில்லை.

அந்த மூன்றும் எந்த ஃபைல்களில் விழுந்திருக்கின்றன? இதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே வழி இருக்கிறது. மேப் ஃபைலைப் பார்த்து, படிக்க முடியாத இடங்களை நாம் சொல்லும் சொல்லால் நிரப்பும். இமேஜின் இன்னொரு காப்பியில் அந்த இடங்களை அடையாளச் சொல் ஒன்றால் நிரப்பி, அதை ஒரு டிஸ்க் மாதிரித் திறந்து, அந்தச் சொல் எந்த ஃபைல்களுக்குள் வருகிறது என்று தேடினேன். இரண்டு தொகுதி ஒரே படத்தில். படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது, ஆனால் அதே செடியை அவர் எடுத்த வேறு நான்கு படங்கள் நன்றாக இருக்கின்றன. மூன்றாவது தொகுதி 'அம்மா' ஃபோல்டரின் வேவ் ஃபைலில்.

வேவ் என்பதால் பிழைத்தோம். சுருக்கப்படாத ஒலி அது. ஒற்றைத் தடம், நொடிக்கு 88,200 பைட். 32,768 பைட் என்றால் 0.37 நொடி. பூஜ்ஜியம் நிரம்பிய இடம் மௌனமாக ஒலிக்கும், அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒரு கெடுதலும் இல்லை. அடையாளச் சொல் ஃபைலின் 5,89,18,912-ஆம் பைட்டில் தொடங்கியது. 88,200-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 668 நொடி. பதினோராம் நிமிடம், எட்டாம் நொடி.

சனிக்கிழமை வாத்தியார் வந்தார். நீங்களே கேளுங்கள் என்று ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். அவர் ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னார். மழை ஓட்டில் விழும் சத்தம், பின்னால் கோழி, நடுவில் ஒரு கிழவியின் நிதானமான குரல். முதன்முதலில் குறிஞ்சி பார்த்தது நாலு வயதில், அப்பா தோளில் உட்கார்ந்து என்கிறார். அதற்கப்புறம் ஒவ்வொரு பூவுக்கும் வீட்டில் என்ன நடந்தது, யார் பிறந்தார், யார் போனார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். பதினோராம் நிமிடத்தில், "இந்தா இப்பப் பூத்துருக்கு பாரு, இது எனக்கு" என்று வந்து, ஒரு துளி நேரம் சத்தமே இல்லாமல், "பூவுய்யா" என்று முடிந்தது.

"நிறுத்துங்க தம்பி" என்றார். விரலை மடக்கி எண்ணினார். "அம்மா பொறந்தது முப்பதுல. முப்பத்திநாலு, நாப்பத்தாறு, அம்பத்தெட்டு, எழுவது, எம்பத்திரெண்டு, தொண்ணூத்திநாலு, ரெண்டாயிரத்தாறு." விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏழாவது. ஏழாவது பூவுய்யான்னு சொல்லிருக்காங்க."

வேறு இடத்தில் 'ஏழு' என்று அவர் சொல்லியிருந்தால் வெட்டி ஒட்டிப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

மூன்று இமேஜையும், அவற்றிலிருந்து பிரித்த ஃபோல்டர்களையும் 4 ஜிபி எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த இரண்டு புது டிஸ்கில் எழுதினேன். ஒன்று அவருக்கு, ஒன்று கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரியான ஷா256 எண் எடுத்து, ஒரு எழுத்து ஃபைலில் போட்டு, இரண்டு டிஸ்கிலும் அந்த எண் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தேன். டிவிடியைப் புது உறையில் போட்டு, பரணில் வேண்டாம், பீரோவில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

கிளம்பும் முன் அவர் கேட்டுக்கொண்டபடி 'அம்மா' ஃபோல்டரில் வேவ் ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு ஃபைல் வைத்தேன். இந்த முறை யூனிகோடில். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது ஒரே வரி: 11 நிமிடம் 8 நொடியில் விடுபட்ட சொல், ஏழாவது.